அவுட்டரில் ஏன் நிற்கிறது ரயில்?

பெட்டியை இறக்கியாயிற்று. தண்ணீர் பாட்டிலைப் பையில் செருகியாயிற்று. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே வந்து நின்றாயிற்று. எழும்பூர் இதோ, இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். அப்போது லேசாக ஒரு குலுக்கல். ரயில் நின்றுவிடும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். "அவுட்டர்ல போட்டுட்டான்" என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். வாசலில் ஆட்டோவோடு காத்திருக்கும் மாப்பிள்ளைக்கு ஒரு போன் போகும்.

மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள் மணப்பாறைக்கோ திருச்சிக்கோ வந்து ரயிலேறுகிறவர்கள். ராத்திரி முழுக்க 300 கிலோமீட்டருக்கு மேல் ஒழுங்காக ஓடி வந்த வண்டி, ஊர் எட்டிப்பார்க்கும் தூரத்தில் வந்து நிற்கும்போதுதான் அவர்களுக்குக் கோபம் வரும். திரும்பி வரும்போதும் விடாது. திருச்சிக்காரர்களுக்குப் பொன்மலை என்றால் பணிமனை மட்டுமல்ல, ஜங்ஷனுக்குள் நுழைய உத்தரவு கிடைக்காமல் வண்டி காத்து நிற்கும் இடமும்கூட.

பிளாட்பாரம் காலியில்லை என்பார்கள். அது பாதி உண்மை. பிளாட்பாரம் காலியாக இருந்தும் ரயில் வெளியே நிற்பதுண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் சிக்கல் நிலையத்துக்குள் இல்லை. நிலையத்தின் வாசலில், தண்டவாளங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிரிகிற அந்த அரைக் கிலோமீட்டரில் இருக்கிறது. பித்தளைக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயிறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர் கழுத்து வழியாகத்தான் உள்ளே போகும். அதே கழுத்து வழியாகத்தான் வெளியே வரும்.

திருச்சி ஜங்ஷன் மாதிரி இடங்களில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடலாம். ராமேஸ்வரம், கன்னியாகுமரி, திருச்செந்தூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களில் தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வந்த வழியே திரும்ப வேண்டும். இந்த வகையில் தமிழ்நாட்டிலேயே பெரியது சென்னை சென்ட்ரல். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. சென்ட்ரல் 1873-ல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, டெல்லியிலிருந்து வந்தாலும் கோவையிலிருந்து வந்தாலும் வெளியூர் ரயில் எல்லாவற்றுக்கும் அங்கே வாய் ஒன்றுதான்: பேசின் பிரிட்ஜ் பக்கம்.

கோலமாவும் நாலு ரிப்பனும்

இந்தக் கழுத்தை எப்படி வடிவமைக்கிறார்கள் என்பதை வீட்டுக் கூடத்திலேயே செய்து பார்த்துவிடலாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு உட்காரத் தகுந்த விளையாட்டு. வேண்டியவை கோலமாவு அல்லது சாக்பீஸ், ஒன்றேகால் மீட்டர் நீளத்தில் நாலு ரிப்பன்.

ரிப்பன் ஏன் அவ்வளவு நீளம்? இப்போதைய எல்.எச்.பி. பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர். 24 பெட்டிகளும் ஓர் எஞ்சினும் சேர்ந்தால் 600 மீட்டரை நெருங்கும். தரையில் ஒரு மீட்டர் என்பது நிஜத்தில் 480 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ரிப்பன் நீளம் சரியாக வரும். பொம்மை ரயில் வாங்கி அச்சு அசலாகச் செய்யலாமே என்று தோன்றும். ரயில் பொழுதுபோக்காளர்கள் அதிகம் வாங்கும் எச்.ஓ. வகை, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் முழு நீள எக்ஸ்பிரஸ் வைக்க ஏறக்குறைய 7 மீட்டர் இடம் வேண்டும். கூடத்தில் தொடங்கி சமையலறையில் முடியும்! அதனால்தான் மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் ஆறேழு பெட்டிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ரிப்பனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

முதலில் சுவர் ஓரமாக நாலு பிளாட்பாரக் கோடு போடுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர். அவற்றை விசிறி போலக் குவித்து ஒரே கோட்டில் சேருங்கள். முதல்முறை வரைகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் வரைவார்கள். பார்க்க அழகாகவும் இருக்கும். ஒரு ரிப்பனை உள்ளே விட்டுப் பாருங்கள். அது நுழைந்து முடிகிறவரை மற்ற மூன்று பிளாட்பாரங்களும் செத்த இடம். நாலு பிளாட்பாரம் இருந்தும் ஒரு நேரத்தில் ஒரு அசைவுதான்.

அடுத்து, ஒற்றைக் கோட்டை இரட்டையாக்குங்கள். நம் நாட்டில் ரயில்கள் இடது பக்கப் பாதையில் ஓடும். எனவே நிலையத்தைப் பார்த்தபடி நின்றால் இடதுகைப் பக்கம் வருகிற பாதை, வலதுகைப் பக்கம் போகிற பாதை. பிளாட்பாரங்களுக்கு இடமிருந்து வலமாக 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். வருகிற வண்டியும் சரி, போகிற வண்டியும் சரி, நாலில் எதையும் எட்டும்படி குறுக்கே இணைப்புக் கோடுகள் வரையுங்கள். ரயில்வேயில் இவற்றுக்கு கிராஸ் ஓவர் என்று பேர். விதி ஒன்றே ஒன்று: இரண்டு ரிப்பன்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது, வெட்டக்கூடாது.

இப்போது ஒரு ரிப்பனை முதல் பிளாட்பாரத்துக்குள் கொண்டுவாருங்கள். அதே நேரத்தில் நாலாவது பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றை வெளியே எடுங்கள். இரண்டும் உரசாமல் போய்விடும். மாற்றிச் செய்து பாருங்கள். நாலுக்கு ஒன்று வர, ஒன்றிலிருந்து ஒன்று புறப்பட. நடுவே எக்ஸ் போலக் குறுக்கே விழும். ஒன்று நின்றுதான் ஆக வேண்டும். பெரும்பாலும் நிற்பது வருகிற வண்டி, அதாவது அவுட்டர்.

பத்து நிமிடம் விளையாடினால் பிள்ளைகளே சூத்திரத்தைச் சொல்லிவிடுவார்கள்: வருகிற வண்டியின் பிளாட்பாரம் இடப்பக்கமும் புறப்படும் வண்டியினுடையது அதற்கு வலப்பக்கமும் இருந்தால் மோதல் இல்லை. அப்படியென்றால் எல்லா ரயிலையும் ஒன்றாம் எண்ணில் வாங்கி நாலாம் எண்ணில் அனுப்பிவிட்டால் போயிற்றே! முடியாது. ஒன்றில் வந்த ரிப்பன் ஒன்றில்தான் கிடக்கிறது. அதை வெளியே எடுக்கும்போது வலப்பக்கப் பாதைக்குப் போக, வருகிற பாதையை அது வெட்டியே தீரும். முனையத்தின் பிறவிக் குணம் இது. எவ்வளவு கெட்டிக்காரப் பொறியாளர் வரைந்தாலும் வெட்டை ஒழிக்க முடியாது. எங்கே, எந்த நேரத்தில் வெட்ட வேண்டும் என்பதைத்தான் அவர் தீர்மானிக்கிறார்.

காலஅட்டவணை போடுகிறவர்கள் இந்த இடம்-வலக் கணக்கைப் பார்த்துத்தான் எந்த வண்டிக்கு எந்த பிளாட்பாரம் என்று ஒதுக்குகிறார்கள். ஒரு வண்டி அரை மணி தாமதமாக வந்தால் கணக்கு குலைகிறது. அதற்கென்று வைத்த இடத்துக்குப் போனால் புறப்படும் இரண்டு வண்டிகளை நிறுத்த வேண்டியிருக்கும். உடனே "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கி கூப்பிடும். பாட்டியையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு குடும்பமே மேம்பாலம் ஏறி ஓடும். ஓடுகிறவர்களுக்கு அது நிர்வாகக் கோளாறாகத்தான் தெரியும். சில சமயம் அது கோளாறேதான். பல சமயம், ஓட வைப்பதா, ரயிலை வெளியே நிறுத்துவதா என்ற இரண்டில் ஒன்றை யாரோ அந்த நிமிடத்தில் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

கண்ணில் படாத ரயில்கள்

ரிப்பன் விளையாட்டில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. வந்த வண்டி அப்படியே திரும்பிப் போவதில்லை. பெட்டிகளைக் கழுவ வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும், சக்கரத்தையும் பிரேக்கையும் அடியில் இறங்கிப் பார்க்க வேண்டும். அதற்குத் தண்டவாளத்துக்குக் கீழே பள்ளம் தோண்டிய பிட் லைன்கள் இருக்கும் யார்டுக்குப் போக வேண்டும். சென்ட்ரலுக்கு அது பேசின் பிரிட்ஜில் இருக்கிறது. எழும்பூருக்குக் கோபாலசாமி நகர் யார்டு. காலி வண்டி யார்டுக்குப் போகும்போதும் கழுத்தைக் கடக்கிறது. சாயங்காலம் திரும்பும்போதும் கடக்கிறது.

எஞ்சின் கதை இன்னும் வேடிக்கை. பெட்டிகளை இழுத்து வந்த எஞ்சின், தண்டவாளம் முடியும் முட்டுக்கட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் வேறு ஓர் எஞ்சின் வந்து பெட்டிகளை இழுத்துப் போன பிறகுதான் அதற்கு விடுதலை. அதுவும் தனியாகக் கழுத்தைக் கடந்து வெளியே போக வேண்டும். பழைய நிலையங்கள் சிலவற்றில் எஞ்சின் மட்டும் தப்பித்துப் போக இரண்டு பிளாட்பாரங்களுக்கு நடுவே தனிப் பாதை போட்டிருப்பார்கள். ஊரின் நடுவில் அந்த ஒரு பாதைக்கான நிலத்தை விட்டுவைப்பது பெரிய சொகுசு.

கூட்டிப் பாருங்கள். வருகை ஒன்று. காலி வண்டி வெளியேற்றம் ஒன்று. எஞ்சின் வெளியேற்றம் ஒன்று. மாலையில் காலி வண்டி உள்ளே வருவது ஒன்று. புது எஞ்சின் வந்து மாட்டுவது ஒன்று. புறப்பாடு ஒன்று. அட்டவணையில் இரண்டே வரியாக இருக்கும் ஒரு ரயில், கழுத்தில் ஐந்தாறு தடவை இடம் கேட்கிறது. மின்சார ரயிலுக்கும் வந்தே பாரத்துக்கும் இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டால் போதும். சொகுசு இருக்கை, வேகம் என்று பேசுகிறோம். முனையத்தை நடத்துகிறவர்களுக்கு அந்த ரயில்களில் பிடித்த அம்சம் இதுவாகத்தான் இருக்கும்.

எனவே கூடத்தில் விளையாடுகிறவர்கள் கழுத்துக்கு வெளியே ஓரமாக ஒரு யார்டும் வரைய வேண்டும். அதற்கான பாதை, வருகிற பாதையையும் போகிற பாதையையும் தொடாமல் பிளாட்பாரங்களைச் சேரும்படி மூன்றாவது கோடாக இருந்தால் உத்தமம். அந்த மூன்றாவது கோட்டை வரைந்ததும் வெளியே காத்து நிற்கும் ரிப்பன்களின் எண்ணிக்கை கண்ணெதிரே குறையும். நாலு பிளாட்பாரத்தை ஐந்தாக்கினால் அவ்வளவு குறையாது. புதிய பிளாட்பாரம் வேண்டும் என்ற கோரிக்கை எல்லா ஊரிலும் எழுகிறது. திறப்பு விழாவும் நடத்தலாம். கூடுதலாக இரண்டு கிராஸ் ஓவர் கேட்டு யாரும் மனுக் கொடுத்ததில்லை.

எட்டரையா, பன்னிரண்டா?

தண்டவாளம் பிரியும் இடத்துக்கு பாயின்ட் என்று பெயர். எவ்வளவு சரிவாகப் பிரிகிறது என்பதை வைத்து அதற்கு எண் உண்டு. 8½-க்கு 1 என்றால் எட்டரை மீட்டர் முன்னே போகையில் ஒரு மீட்டர் விலகும். 12-க்கு 1 என்றால் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர். முன்னது கூரான திருப்பம், பொதுவாக 15 கிலோமீட்டர் வேகம்தான் அனுமதி. பின்னதில் 30 வரை போகலாம்.

வித்தியாசம் சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டால் தெரியாது. கழுத்தின் நீளம் 400 மீட்டர், ரயில் 600 மீட்டர். கடைசிப் பெட்டியும் கழுத்தைத் தாண்ட வண்டி ஆயிரம் மீட்டர் நகர வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 250 மீட்டர். ஆக நாலு நிமிடம். 30 கிலோமீட்டரில் இரண்டே நிமிடம். அடுத்த வண்டிக்கு வழி அமைக்க ஒரு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வழியில் முதல் வகையில் மணிக்கு 12 அசைவுகள், இரண்டாவது வகையில் 20. எட்டு அசைவு என்றால், மேலே போட்ட கணக்கின்படி, முழுசாக ஒரு ரயிலும் அதற்கு மேலும்.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் 12 போடவில்லை? இடம். பிளாட்பாரங்கள் 100 மீட்டர் அகலத்துக்குப் பரந்திருந்தால், ஏணி போல ஒரே சாய்வில் அவற்றைச் சேர்க்க 8½-க்கு 850 மீட்டர் நீளம் வேண்டும், 12-க்கு 1,200 மீட்டர். வளைத்தும் மடக்கியும் இதைக் குறுக்கலாம். ஆனால் விகிதம் மாறாது. சென்ட்ரலுக்கு ஒரு பக்கம் வால்டாக்ஸ் ரோடு, இன்னொரு பக்கம் புறநகர் ரயில் முனையம், முன்னால் பேசின் பிரிட்ஜ். நகரம் வளர்ந்து நெருக்கிய பிறகு 350 மீட்டரை எங்கே போய்க் கேட்பது? கடைசி ஒரு கிலோமீட்டரை வண்டி ஊர்ந்து கடப்பதன் ரகசியம் இவ்வளவுதான். ஓட்டுநர் சோம்பேறி இல்லை.

வாயைப் பெருக்கும் வழிகள்

சென்ட்ரலில் செய்த முதல் நல்ல காரியம் குட்டி ரயில்களைத் தனியாகப் பிரித்தது. 1985-ல் தீயில் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் முனையம் எழுந்தது. இன்று புறநகர் ரயில்களுக்குத் தனியாக 5 பிளாட்பாரங்கள், வெளியூர் ரயில்களுக்கு 12. கும்மிடிப்பூண்டிக்கும் அரக்கோணத்துக்கும் நிமிடக் கணக்கில் ஓடும் மின்சார ரயில்கள் எக்ஸ்பிரஸ்களோடு ஒரே கழுத்தில் இடிபட்டிருந்தால் நிலைமை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

எழும்பூருக்குக் கிடைத்த வழி வேறு. குடத்துக்கு அடியில் இன்னொரு ஓட்டை போடுவது. எழும்பூருக்கும் கடற்கரைக்கும் இடையே மூன்று பாதைகள் இருந்தன. அதில் வெளியூர் வண்டிகளுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டிலிருந்து 2024 அக்டோபர் வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே பறக்கும் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். பதினான்கு மாதம் பேருந்தில் இடிபட்டவர்கள் கொடுத்த விலை அது. நாலே கால் கிலோமீட்டர்தானே என்று தோன்றலாம். வந்த வண்டி வந்த வழியே திரும்பாமல் நேரே போய்விட முடிந்தால், ரிப்பன் விளையாட்டில் பார்த்த அந்த எக்ஸ் வெட்டே அங்கே இல்லை. தெற்கு ரயில்களில் சிலவற்றைத் தாம்பரத்திலேயே முடிப்பதற்கும் காரணம் இதுதான். தாம்பரத்தில் இறங்கிப் புறநகர் ரயிலுக்கு மாறுவது முதியவர்களுக்குக் கஷ்டம். அந்தக் கஷ்டம் எழும்பூரின் கழுத்திலிருந்து இடம் மாற்றி வைக்கப்பட்டது.

வெளிநாட்டுக்காரர்களும் இதே குடத்தோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் 1913-ல் திறந்தபோது, வந்த ரயில் பாதாளத்தில் வட்டமடித்துத் திரும்பிப் போகும்படி வளையப் பாதை போட்டார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 16 பாதைகள் கொண்ட பழைய முனையத்துக்குப் பதிலாகப் பூமிக்கடியில் எட்டே பாதைகளோடு, இரு பக்கமும் திறந்த நிலையம் கட்டும் வேலையை 2010-ல் தொடங்கினார்கள். பாதியாகக் குறைத்துவிட்டு, இதுவே அதிக ரயில்களைத் தாங்கும் என்கிறார்கள். ஊர் மக்கள் நம்பவில்லை. பெரிய போராட்டமே நடந்தது. வேலை ஒரு தசாப்தத்தைத் தாண்டி இழுத்தது. கணக்கு காகிதத்தில் சரியாக இருப்பதும் மக்களை ஒப்புக்கொள்ள வைப்பதும் வேறுவேறு வேலைகள்.

சிவப்பு விளக்கின் கணக்கு

"சும்மா உள்ளே விட்டால் என்ன?" என்று அவுட்டரில் நிற்கும்போது தோன்றும். பேனல் அறையில் உட்கார்ந்திருப்பவர் விரும்பினாலும் விட முடியாது. ஒரு ரயிலுக்கு வழி அமைத்ததும், அந்த வழியில் உள்ள பாயின்ட்கள் எல்லாம் பூட்டிக்கொள்ளும். அதை வெட்டும் எந்த வழிக்கும் சிக்னல் விழாது. ரயில் கடந்து முடிந்தால்தான் பூட்டுத் திறக்கும். இந்தப் பூட்டும் சிக்னலும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூன் 2-ம் தேதி பாலசோரில் நாடே பார்த்தது. சென்னை சென்ட்ரலை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்வழிக்குப் பச்சை காட்டியது சிக்னல். பாயின்ட் கிளைப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் சுற்றில் செய்த மாற்ற வேலைகளில் நேர்ந்த தவறு என்றது விசாரணை.

முனையத்தில் இன்னொரு பயமும் உண்டு. மற்ற நிலையங்களில் நிற்க வேண்டிய சிக்னலைத் தாண்டியும் 120 மீட்டராவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். பிரேக் கொஞ்சம் தவறினாலும் தப்பிக்க அந்த இடம். முனையத்தில் கோட்டுக்கு அப்பால் முட்டுக்கட்டை, அதற்கப்பால் டீக்கடையும் மனிதர்களும். 1895-ல் பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தில் ஒரு ரயில் நிற்காமல் முட்டுக்கட்டையையும் சுவரையும் உடைத்துக்கொண்டு கீழே தெருவில் மூக்குக் குத்தி விழுந்தது. அந்தப் புகைப்படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். தெருவில் நின்றிருந்த ஒரு பெண் உயிரிழந்தார்.

அவுட்டரில் வண்டி நிற்கும்போது பொறுமையிழந்து பெட்டியோடு கீழே குதித்து, தண்டவாளங்களைத் தாண்டி நடக்கத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் இறங்குவது இந்தக் கழுத்துக்குள்தான். ரயில்வே சட்டத்தின் 147-ம் பிரிவு இதற்கு ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அது இருக்கட்டும். பக்கத்துத் தண்டவாளத்தில் வருவது அட்டவணையில் இருக்கும் ரயிலாக இருக்க வேண்டியதில்லை. யார்டுக்குப் போகும் காலி வண்டியாக இருக்கலாம். ஹாரன் தவிர அதற்கு அறிவிப்பு கிடையாது. இந்த வண்டிக்கும் அந்த வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடைவெளிதான்.

கதவருகே நிற்காமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பார்க்க நிறைய இருக்கும். விளக்கு அணைந்த ஒரு காலி வண்டி எதிரே மெதுவாக ஊர்ந்து போகும். அதன் பின்னால் தனியாக ஓர் எஞ்சின். அது போய் அரை நிமிடத்தில் முன்னால் சிக்னலில் சிவப்பு மறைந்து மஞ்சள் விழும். பிரிந்து போகிற வழி என்றால் அதன் தலைக்கு மேல் சாய்வாக ஐந்து வெள்ளை விளக்குகள் எரியும். வண்டி ஒரு முறை குலுங்கி நகரும். சக்கரங்கள் ஒவ்வொரு பாயின்ட்டிலும் தடக் தடக்கென்று ஏறி இறங்கும். எத்தனை தடக் என்று எண்ணச் சொன்னால், தோளில் தூங்கும் பிள்ளை எழுந்துகொள்ளும்.